ஒன்றும் நடக்கவில்லையே, சாமி!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், மஹய்யாவையைச் சேர்ந்த ஒருவர் தாம் புதிதாக வாங்கிய வான் வண்டியைக் கோவில் முற்றத்திலே கொண்டுவந்து நிறுத்தினார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். மனைவியும் இரு பிள்ளைகளும் உடன் வந்திருந்தனர். முன் கண்ணாடியருகே செபமாலை தொங்கியது. புனித அந்தோனியாரின் சிறிய சுரூபம் ஒன்றும் ஒட்டப்பட்டிருந்தது. நான் ஆசீர்வாத செபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கையில், பாதிச் செபத்திலே அவருடைய சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசி அலறியது. அவர் கூப்பிய கைகளை இறக்கி, அதை எடுத்து, "கோயில்ல இருக்கேன், பிறகு பேசுறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மீண்டும் கைகூப்பிக்கொண்டார்.

செபம் முடிந்தபின், "வண்டி ஓட்டும்போது வந்தாலும் இப்படித்தான் எடுப்பீரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். மனிதர் பொய் சொல்லவில்லை. "எடுப்பேன் சாமி. பிள்ளைகளோட அம்மாமார்தான் எடுப்பாங்க. நான் பேசாட்டி பயந்துபோவாங்க. பத்து வருசமா ஓட்டுறேன், ஒண்ணும் நடக்கல்லையே, சாமி! பொலிஸ் பிடிச்சா தண்டப்பணத்தக் கட்டிட்டுப் போறோம். இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில சொல்லணுமா?" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை; அறிந்துகொள்ளவே கேட்டார். நானோ உடனே தக்க மறுமொழி கூறவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். அவருடைய சம்மதத்துடன் அக்கேள்வியை இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. எமது கத்தோலிக்கக் குடும்பங்களிலே மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார், பஸ் என ஏதோவொன்றை ஓட்டாத வீடு இன்று அரிது. கைத்தொலைபேசி இல்லாத வீடோ இல்லவே இல்லை. இவ்விரண்டும் ஒரே மனிதனுடைய கைகளில் ஒரே நேரத்தில் சேரும்போது அது வெறும் வீதி ஒழுங்குப் பிரச்சினைதானா? அல்லது ஆன்மாவைப் பற்றிய பிரச்சினையா?

தண்டப்பணம் கட்டினால் தீர்ந்ததா?

வாகனம் செலுத்துகையில் கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பேசுவதை எமது நாட்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. பிடிபட்டவர் தண்டம் செலுத்த வேண்டும். இது யாவரும் அறிந்ததே. ஆனால் சட்டத்தை மீறித் தண்டத்தைக் கட்டிவிட்டால் மனச்சாட்சியின் கணக்கும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர்.

இந்த எண்ணம் புதியதன்று. முற்காலத்து ஒழுக்க இயல் நூலோர் சிலர், அரசின் சட்டங்களுள் சில வெறும் தண்டனைச் சட்டங்கள் மாத்திரமே என்றும், அவற்றை மீறுகிறவன் தண்டனையை ஏற்றுக்கொண்டால் போதும், மனச்சாட்சிக்கு அதிற் கடன் இல்லை என்றும் வாதிட்டதுண்டு. குருமடத்தில் நாங்களும் இந்த வாதத்தைப் படித்திருக்கிறோம். சுங்கவரி, உத்தரவுப் பத்திரம் போன்றவற்றில் அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விடயம். மனித உயிரைக் காப்பதற்காகவே இயற்றப்பட்ட சட்டத்தில் அது ஓர் அடியும் செல்லாது. அங்கே சட்டம் எதையும் புதிதாகக் கட்டளையிடவில்லை. ஆண்டவர் சீனாய் மலையிற் கொடுத்த ஐந்தாம் கற்பனையையே வீதிக்கு ஏற்றபடி விளக்குகிறது.

திருச்சபை இதனைத் தெளிவாகவே கூறியிருக்கிறது. 1965-ம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டு, தனிமனித ஒழுக்கத்தோடு மாத்திரம் நின்றுவிடலாகாது என்று போதிக்குமிடத்தில், வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பொருட்படுத்தாதவர்களையும் பெயர் குறிப்பிட்டாற்போலக் கண்டிக்கிறது. அத்தகையோர் தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள் என்கிறது. 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், குடிபோதையினாலோ வேக மோகத்தினாலோ வீதியிற் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவது கனமான குற்றம் என்று ஐந்தாம் கற்பனையின் கீழேயே வைத்திருக்கிறது. 2007-ல் வத்திக்கான் வெளியிட்ட வீதிப் பயண மேய்ப்புப்பணி வழிகாட்டியில் சாரதிகளுக்கெனப் பத்து நெறிகள் உண்டு. அவற்றுள் முதலாவது, கொலை விலக்கும் அதே கற்பனைதான். 2017-ம் ஆண்டு நவம்பரில் இத்தாலிய வீதிப் பொலிசாரையும் புகையிரதப் பொலிசாரையும் சந்தித்த பாப்பரசர் பிரான்சிஸ், கைத்தொலைபேசியைத் தகாத விதமாகப் பயன்படுத்தும் சாரதிகளின் கவனக்குறைவைத் தனியாக எடுத்துரைத்தார்.

ஆகவே, தண்டச் சீட்டு பொலிசாரின் கணக்கை மாத்திரமே தீர்க்கும்.

கோடரியும் மாடும்

"ஆனால் சாமி, நான் எவரையும் கொல்ல நினைக்கவில்லையே!" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருத்தில்லாமற் செய்ததற்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி? இதற்கு வேதாகமத்திலேயே மிகப் பழைய விடைகள் இருக்கின்றன.

உபாகமத்தில் ஒரு காட்சி வருகிறது. இருவர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்குகையில் அதன் இரும்பு காம்பினின்று கழன்று பறந்து மற்றவன்மேல் விழ, அவன் இறந்துபோகிறான். பகையில்லை, முன்னெண்ணமும் இல்லை. அத்தகையவன் பழிவாங்குவோரிடமிருந்து தப்பிப் பிழைக்கும்படி அடைக்கலப் பட்டணங்களைக் கடவுள் ஏற்படுத்தச் சொல்கிறார். இறைவன் இரக்கமுள்ளவர், தற்செயலாக நேர்ந்ததைக் கொலை என்று அவர் எண்ணுவதில்லை.

யாத்திராகமத்தில் இன்னொரு காட்சி உண்டு. ஒருவனுடைய மாடு ஒரு மனிதனை முட்டிக் கொன்றுவிடுகிறது. மாடு கொல்லப்பட வேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அம்மாடு முன்னரே முட்டும் பழக்கமுள்ளதாயிருந்து, அது சொந்தக்காரனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும், அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அப்போது அவனும் உயிருக்கு உத்தரவாதி.

இரண்டு காட்சிகளிலும் இறந்தவன் இறந்தவனே. இரண்டிலும் கொல்லும் எண்ணம் இல்லை. வேறுபாடு ஒன்றே: முன்னெச்சரிக்கை. இரண்டாவது மனிதனுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அவன் அறிந்திருந்தான், அறிந்தும் சோம்பியிருந்தான்.

இந்த வேறுபாட்டையே பதின்மூன்றாம் நூற்றாண்டிற் புனித தோமஸ் அக்குவினாஸ் ஒழுங்குபடுத்தி விளக்கினார். தற்செயலாகக் கொன்றவன் கொலைக் குற்றவாளியா என்று அவர் கேட்கிறார். தகுந்த காரியத்தைத் தகுந்த கவனத்தோடு செய்கையில் நேர்ந்துவிட்டால் அவன் குற்றவாளியல்லன். ஆனால் செய்யத்தகாததைச் செய்துகொண்டிருந்தாலோ, காட்டவேண்டிய கவனத்தைக் காட்டாதிருந்தாலோ, 'நான் நினைக்கவில்லை' என்று சொல்லி அவன் தப்பமுடியாது. இதுவே அவருடைய போதனையின் சாரம்.

அப்படியானால், வாகனத்தில் ஒலிக்கும் கைத்தொலைபேசி எதைப் போன்றது? காம்பினின்று எதிர்பாராமற் கழன்ற கோடரியையா? முட்டுமென்று அறிவிக்கப்பட்ட மாட்டையா?

அறிவிக்கப்பட்டதா?

இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989-ல் ஆரம்பமாயிற்று. அந்த ஆரம்ப ஆண்டுகளில் வாகனத்தில் அதைப் பேசியவர்கள், ஒருவேளை, ஆபத்தை அறியாதவர்கள் என்று சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல எவருக்கும் இடமில்லை. 1997-ம் ஆண்டிலேயே கனடாவின் ரொறன்ரோ நகரில் இரு ஆய்வாளர்கள், விபத்தில் அகப்பட்ட 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்குகளைப் பரிசோதித்து, பேசிக்கொண்டிருக்கையில் விபத்துக்குள்ளாகும் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டறிந்து வெளியிட்டனர். கையில் பிடிக்காமற் பேசும் கருவிகளும் அந்த ஆபத்தைக் குறைத்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. உலக சுகாதார அமைப்பும் அந்த நான்கு மடங்குக் கணக்கையே இன்றளவும் எடுத்துக் கூறிவருகிறது. உலகில் ஆண்டொன்றுக்கு வீதி விபத்தில் இறப்போர் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்றும், 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணம் இதுவே என்றும் அதன் 2023-ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எமது சிறிய நாட்டிலும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் மாண்டுபோகின்றனர்.

கண் திறந்திருந்தாற் போதாதா என்று கேட்போருக்கு இன்னொரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1999-ல் அமெரிக்காவிலே இரு உளவியலாளர் ஒரு படத்தைக் காட்டினர். அதிற் சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுவர். எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணும்படி பார்வையாளரிடம் கேட்கப்பட்டது. நடுவிலே கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் வந்து, நின்று, மார்பில் அடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் குரங்கைக் காணவேயில்லை! அவர்கள் குருடரல்லர், அவர்களுடைய மனம் எண்ணிக்கையில் இருந்தது. மனம் இல்லாத இடத்தில் கண் இருந்தும் பயனில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் அப்படித்தானே என்பார்கள். இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் வீதி தெரிகிறது. வளைவு வந்தால் அவர் தானே பேச்சை நிறுத்துவார், சில வேளை "பார்த்து, பார்த்து!" என்றும் கத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கோ கத்தரிக்காயின் விலை தெரியும். குறுக்கே ஓடும் பிள்ளை தெரியாது.

கணக்கையும் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது பெரிய வேகமன்று. அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீற்றர் ஓடுகிறது. அழைத்தவர் யாரென்று பார்ப்பதற்கு மூன்று விநாடி குனிந்தால் 33 மீற்றர். அதாவது மூன்று பெரிய பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். அவ்வளவு தூரத்தையும் சாரதி கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். கண்டியிலிருந்து மஹய்யாவை வழியாகக் கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் முப்பத்துமூன்று மீற்றருக்குள் எத்தனை மனிதர்! பாடசாலைப் பிள்ளைகள், பஸ் தரிப்பில் நிற்போர், கடைக்குப் போகும் முதியோர். யாழ்ப்பாணம்வரை செல்லும் ஏ-9 பெருவீதியும் அதுவே. எமது பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசலும் ஆகும்.

ஆம், எமக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாடு முட்டும் என்று அறிவோம்.

அகப்பட்டவனும் தப்பியவனும்

இனி, அந்த வான் சாரதியின் கேள்வியிலுள்ள கடினமான பகுதிக்கு வருவோம். "ஒன்றும் நடக்கவில்லையே!"

இரு சாரதிகளை எண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே காலையில், ஒரே வீதியில், ஒரே வேகத்தில், ஒரே விதமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டுகிறார்கள். முதலாமவனுக்கு எதிரே எவரும் வரவில்லை. அவன் வீடு சென்று, தேநீர் குடித்து, மாலையிற் செபமாலை சொல்லி, நிம்மதியாக உறங்குகிறான். இரண்டாமவனுக்கு எதிரே ஒரு பிள்ளை ஓடிவந்தது. அவன் பொலிஸ் காவலில் இருக்கிறான். அவன் பெயர் பத்திரிகையில் வருகிறது. ஊர் அவனைக் கொலைகாரன் என்கிறது.

இவ்விருவருள் எவன் கெட்டவன்?

உலகம் இரண்டாமவனையே சுட்டிக்காட்டும். ஆனால் சற்று நின்று சிந்தியுங்கள். இவ்விருவரையும் வேறுபடுத்தியது அவர்களுடைய நற்குணமா? கவனமா? இல்லை. பிள்ளையொன்று வீதிக்கு வந்ததும் வராததுமே. அது அவர்கள் செய்ததன்று. பாவம் என்பது மனித சித்தத்திலிருந்து பிறப்பது. வீதியில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதிலிருந்து பிறப்பதன்று. சித்தத்தைப் பார்க்கும் கடவுளுக்கு முன்பாக, பிறருடைய உயிரைத் தன் பேச்சைவிட மலிவாக மதித்தது இருவருக்கும் பொதுவே.

அப்படியானால் அந்த மரணத்துக்குப் பொருளே இல்லையா? உண்டு. இரண்டாமவன், இறந்த பிள்ளையின் பெற்றோருக்குச் செய்யவேண்டிய பரிகாரம் உண்டு. நாட்டின் நீதிக்குக் கொடுக்கவேண்டிய கணக்கு உண்டு. வாழ்நாள் முழுவதும் சுமக்கவேண்டிய துயரம் உண்டு. முதலாமவனுக்கு இவை இல்லை. இவை இல்லாமையை அவன் தன் நீதி என்று எண்ணுவதுதான் தவறு. அது அவனுக்குக் கிடைத்த இரக்கம். பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பத்து வருடமாகக் கடவுள் பொறுத்தார் என்று பொருள். பத்து வருடமாக அவன் சரியாக நடந்தான் என்று பொருளன்று.

இதிலிருந்து இரு பாடங்கள். ஒன்று, தப்பியவனும் மனஸ்தாபப்பட வேண்டும். மற்றது, அகப்பட்டவன்மேற் கல்லெறியும் உரிமை எம்மிற் பெரும்பாலோருக்கு இல்லை. பத்திரிகையில் ஒரு சாரதியின் படத்தைப் பார்த்துப் பற்களைக் கடிக்கும்போது, நேற்று நானும் அதையே செய்யவில்லையா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள்.

"அப்படியானால் ஒவ்வொரு முறையும் அது சாவான பாவமா?" என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. கனமான விடயம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் கூடினாலே அப்பெயர் பொருந்தும். உயிராபத்து கனமான விடயம் என்பதிற் சந்தேகமில்லை. பழக்கத்தினால் கை தானே தொலைபேசிக்குப் போய்விடும் வேளையில், அந்தக் கணத்துச் சம்மதம் குறைந்திருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்தை வளர்த்தவன் யார்? அதை முறிக்க நான் முயன்றேனா என்பதையே மனச்சாட்சி விசாரிக்க வேண்டும். அறிந்தபின்னும் முயலாதவன், மாட்டைக் கட்டாதவன். ஆகவே நண்பரே, ஆம். இதைப் பாவசங்கீர்த்தனத்திற் சொல்லத்தான் வேண்டும்.

அவசரம் என்னும் சோதனை

வீண் பேச்சுப் பேசுகிறவனைக் கண்டிப்பது எளிது. கடமைக்காகப் பேசுகிறவனைப் பற்றி என்ன சொல்வது?

2013-ம் ஆண்டு யூலை 24-ந் திகதி, ஸ்பெயின் நாட்டிலே, புனித யாகப்பர் அப்போஸ்தலரின் கல்லறை இருப்பதாகப் போற்றப்படும் சந்தியாகோ தே கொம்பொஸ்தேலா நகருக்கு மக்கள் திரண்டுகொண்டிருந்தனர். மறுநாள் அவருடைய திருநாள். மத்ரித் நகரிலிருந்து வந்த புகையிரதம் ஒன்று, நகருக்குச் சற்று முன்னே, 80 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கவேண்டிய வளைவில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வேகத்திற் புகுந்து தடம்புரண்டது. ஏறத்தாழ 80 பேர் இறந்தனர். திருநாட் கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டன. விசாரணையில் தெரியவந்தது இது: வளைவுக்குச் சற்று முன்வரை சாரதி தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தார். பேசியது வேறு யாரோடுமன்று. அதே வண்டியில் இருந்த பயணச்சீட்டுப் பரிசோதகரோடு. பேச்சும் வீண் பேச்சன்று. இறங்கவேண்டிய ஒரு குடும்பத்தின் வசதிக்காக, எந்த மேடையில் நிறுத்துவது என்பதைப் பற்றிய தொழிற் பேச்சு. ஒன்றரை நிமிடம் சென்றது. அதற்குள் தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவர் மனதினின்று நழுவிவிட்டது. 2024-ல் வழக்கை விசாரித்த நீதிமன்றம் சாரதியோடு, பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அந்நாளைய அதிகாரி ஒருவரையும் குற்றவாளியெனத் தீர்த்தது. வேகத்தைத் தானே தடுக்கும் ஏற்பாடு அந்த வளைவில் இருக்கவில்லை என்பதே காரணம்.

ஒரு நல்ல காரியத்துக்கான பேச்சும் எண்பது பேரின் உயிரைக் காக்கவில்லை. வளைவுக்குக் காரணம் தெரியாது. வேகம் மாத்திரமே தெரியும்.

இனி, நான் உடனே மறுமொழி கூறாததன் காரணத்தைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலை ஐந்து மணியிருக்கும். சாகுந்தறுவாயில் இருந்த ஒரு முதியவருக்கு நோயிற்பூசுதல் கொடுப்பதற்காகக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சென்றுகொண்டிருந்தேன். திவ்விய நற்கருணை மார்பில் இருந்தது. மஹய்யாவையைக் கடக்கையில் தொலைபேசி ஒலித்தது. அந்த வீட்டார்தான்; "சாமி எங்கே வருகிறீர்கள்?" என்று கேட்க. எடுத்தேன். இதைவிட நல்ல காரணம் எவருக்கு இருக்கமுடியும் என்று அன்று கேட்டிருந்தால், இல்லை என்றே சொல்லியிருப்பேன்.

'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லி முடிக்கவில்லை. ஏதோ உரசிய சத்தம். வண்டியை நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தேன். வீதியோரத்திற் குப்பை கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மதிலோடு ஒட்டி நின்றார். அவருடைய நீண்ட தும்புத்தடி இரண்டாக முறிந்து கிடந்தது. நகரசபைத் தொழிலாளி. மஹய்யாவைக் குடியிருப்புகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக எமது மக்கள், நகரம் விழிக்குமுன்னே எழுந்து போய், நாம் நடக்கும் வீதிகளைக் கூட்டுகிறார்கள், அவர்களுள் ஒருவர். அவர் என் உடையைப் பார்த்தார். என் கையிலிருந்த தொலைபேசியையும் பார்த்தார். திட்டவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. நீங்க ரோட்டப் பார்த்துப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த முதியவருக்குப் பூசுதல் கொடுத்தேன். என் கை நடுங்கியதைக் கண்ட வீட்டார், குளிர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஓர் ஆன்மாவை மோட்சத்துக்கு அனுப்பப் போகும் வழியில், ஓர் உயிரை அநியாயமாகப் பறிக்க இருந்தேனே! நான் தொலைபேசியை எடுக்காதிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அந்த வீட்டார் ஐந்து நிமிடம் கவலைப்பட்டிருப்பார்கள். அவர்களுடைய ஐந்து நிமிடக் கவலையை நீக்க, ஒரு குடும்பத்தின் தாயைப் பணயம் வைத்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் மறுநாள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன்.

மறுமுனையில் இருப்பவர்

இத்தனையும் சாரதிகளுக்கு என்று எண்ணி, வாகனம் ஓட்டாத வாசகர் பத்திரிகையை மடித்துவைத்துவிட வேண்டாம். தொலைபேசிக்கு இரு முனைகள் உண்டு.

கணவன் வண்டியில் வருகிறார் என்று மனைவிக்குத் தெரியும். தெரிந்தே அழைக்கிறார்: "எங்கே வாறீங்க?" எடுக்கவில்லை என்றால் மீண்டும் அழைக்கிறார், அதற்கும் எடுக்காவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சண்டை. பாடசாலை வான் ஐந்து நிமிடம் தாமதித்தால், பத்துத் தாய்மார் ஒரே நேரத்தில் சாரதியை அழைக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளின் பத்திரத்துக்காகத் துடிக்கும் அந்தத் தாய்மாரே, தங்கள் பிள்ளைகள் ஏறியிருக்கும் வண்டியின் சாரதியினுடைய கவனத்தைப் பறிக்கிறார்கள். அன்புதான் காரணம். ஆனால் அன்புக்கும் விவேகம் வேண்டும். விவேகம் தலையான புண்ணியங்களுள் முதலாவது என்று ஞானோபதேசத்திற் படித்தோம் அல்லவா?

2018-ம் ஆண்டு ஏப்ரில் 26-ந் திகதி, இந்தியாவின் உத்தரப்பிரதேச மாநிலம் குஷிநகரில், காவலாளி இல்லாத புகையிரதக் கடவையைக் கடந்த ஒரு பாடசாலை வான்மீது புகையிரதம் மோதி 13 பிள்ளைகள் இறந்தார்கள். சாரதி காதில் ஒலிக்கருவி மாட்டியிருந்ததாகவே தெரிகிறது என்று அம்மாநில முதலமைச்சர் அன்று கூறினார். அந்தப் பிள்ளைகளும் காலையில் ஒரு தாயின் கையை ஆட்டிவிட்டு ஏறியவர்கள்தாம்.

அடுத்து, பயணிகள். பஸ் சாரதி ஒரு கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டு மறு கையால் பேசுகிறார். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவராவது, "அண்ணே, பேசி முடிச்சிட்டு ஓட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்கிறோமா? அவர் கோபிப்பாரோ என்று அஞ்சுகிறோம். கடமையில் தவறியதையும் பூசையின் தொடக்கத்தில் நாம் பாவமென ஏற்றுக்கொள்கிறோம். அது வெறும் வாய்ப்பாடா?

மலைநாட்டவராகிய எமக்கு இதில் விசேட பொறுப்பு உண்டு. 2025-ம் ஆண்டு மே 11-ந் திகதி, வெசாக் நாட்களில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் வண்டி, கொத்மலைப் பகுதியிலே கரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் தொலைபேசி காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீதியை அறிந்தவர்களுக்கு ஒன்றையே நினைவூட்டுகிறேன்: சமவெளியிற் செய்யும் பிழைக்கு வயல் இடம் கொடுக்கும், மலையிற் செய்யும் பிழைக்கு இடமே இல்லை.

தொழில் கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சாரதி வண்டியில் இருக்கிறார் என்று அறிந்தும் அழைத்து, எடுக்காவிட்டால் ஏசுகிறீர்களானால், விபத்து நேரும் நாளில் குற்றம் அவருடையது மாத்திரமன்று.

செய்யத்தக்கது

உபாகமம் இன்னுமொரு சிறு கட்டளையைத் தருகிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும். எவனாவது விழுந்து, இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வராதிருக்கும்படி. எவனும் விழும் முன்னரே கட்டவேண்டிய சுவர் அது. விழுந்தபின் அழுவது மனித இயல்பு. விழுமுன் சுவர் கட்டுவதே புண்ணியம்.

அந்தச் சுவர் எமக்கு மிக மலிவானது. வண்டியில் ஏறியதும் தொலைபேசியின் வாயை அடைத்து, கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. அவசரமானால் ஓரமாக நிறுத்திப் பேசுவது. வீட்டார், வண்டியில் இருப்பவரை அழைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் செய்வது. சேர்ந்ததும் அவரே அழைப்பார் என்று பொறுத்திருப்பது. பாடசாலை வானில் உதவிக்குச் செல்லும் அம்மாளின் இலக்கத்தைத் தாய்மாருக்குக் கொடுப்பது. இவற்றுள் எதற்கும் ஒரு சதமும் செலவில்லை.

செபமாலையும் சுரூபமும் வண்டியில் இருக்கட்டும், நல்லது. ஆனால் ஆசீர்வாதம் என்பது கவனத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் காப்புறுதிப் பத்திரமன்று. கோபுர உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று ஆண்டவரைச் சோதித்தவன் யார் என்பதை நாம் அறிவோம். அந்தோனியாரை முன்னே வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஓட்டுவதும் அந்தச் சோதனையின் இனத்தையே சேர்ந்தது.

மறு ஞாயிறு அந்த வான் சாரதியைக் கண்டு, இங்கே எழுதிய அனைத்தையும், தும்புத்தடி முறிந்த கதை உட்பட, சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாமார்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன் சாமி. கேப்பாங்களோ தெரியாது" என்றார். கேட்கவேண்டியவர்கள் இதை வாசிக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

வண்டியை எடுக்குமுன் நாம் எல்லோரும் சிலுவை அடையாளம் வரைகிறோம். நெற்றியைத் தொட்ட அந்தக் கை, அடுத்து எதைத் தொடுகிறது என்று நாளைக் காலையிற் கவனியுங்கள்.